ஐந்து கலர், இரண்டிரண்டு பீஸ்

என் வீட்டுக்காரர் மகுடேஸ்வரனுக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்த பிறகு, கம்பெனிப் பக்கமே போகக் கூடாது என்று நான்தான் சொன்னேன். டாக்டர் சொன்னது கொஞ்ச நாள் ஓய்வெடுக்க வேண்டும் என்பது மட்டும். மீதியை நானே சேர்த்துக்கொண்டேன். பனியன் கம்பெனியை மகன் தரணி பார்த்துக்கொள்கிறான். ஷிப்மென்ட் தேதி நெருங்கினால் இவர் போடுகிற சத்தத்தில் இன்னொரு அடைப்பு வந்துவிட்டால் நான் என்ன செய்வேன்? காரையும் தரணியிடமே கொடுத்து அனுப்பிவிட்டேன்.

மனுஷன் சும்மா இருந்தால்தானே. வாட்ச்மேனோடு சண்டை, டிவியோடு சண்டை. மீன் வளர்த்தால் மனசு அமைதியாகும் என்று யாரோ போனில் அனுப்பியிருந்தார்கள். நம்பி, மூன்றடித் தொட்டி ஒன்று வாங்கி ஹாலில் வைத்தேன். மீனை மட்டும் அவரே பார்த்து வாங்கி வரட்டும் என்று விட்டேன். அங்கேதான் கோட்டை விட்டேன்.

ஐந்து வகை சின்ன மீன், ஒவ்வொன்றிலும் இரண்டு. நியான் டெட்ரா, செர்ரி பார்ப், ரஸ்போரா, டேனியோ, டைகர் பார்ப். எங்கள் தொழிலில் ஒரே பெட்டிக்குள் எல்லாக் கலரிலும் இரண்டிரண்டு பீஸ் அடுக்கி ஒட்டுவார்கள், அசார்ட்டட் பேக்கிங் என்று. காலமெல்லாம் அதையே பார்த்த மனுஷன் மீனையும் அப்படியே பேக் பண்ணிக்கொண்டு வந்துவிட்டார்.

"அஞ்சு கலரும் வந்துருச்சு பாரு புள்ள" என்று பெருமை வேறு.

மீன்களுக்கு அந்தப் பெருமை இல்லை. நியான் இரண்டும் ஃபில்டருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டன. டைகர் பார்ப் மற்ற மீன்களின் வாலைக் கடித்தே பொழுதைப் போக்கியது. ரஸ்போரா தீனி போட்டாலும் மூலையை விட்டு வரவில்லை. ஒரு நாள் ஒரு நியான் செத்து மிதந்தது. அதை வலையில் எடுத்துப் போட்டவர், சாப்பிடாமல் போய்ப் படுத்துக்கொண்டார். அமைதிக்கு வாங்கிய தொட்டியே ஆளைச் சாய்த்துவிடும் போலிருந்தது.

அவரையும் இழுத்துக்கொண்டு ஆட்டோவில் அவர் மீன் வாங்கிய கடைக்குப் போனேன். கடையை நடத்துவது ஜோதிகா என்கிற பெண்.

"இதெல்லாம் கூட்டமாத் திரியற மீனுங்க" என்றாள். "வகைக்கு எட்டாச்சும் இருக்கோணும். ரெண்டு ரெண்டா உட்டா பயந்து சாகும், இல்லீன்னா மத்ததைக் கடிக்கும்."

"அதான் கூட எட்டு மீனு இருக்குதல்லங்க?" என்றார் இவர்.

"அது வேற மீனுங்க. பக்கத்துல இருக்கும், தொணைக்கு ஆகாது."

"அப்ப அஞ்சுலயும் எட்டு குடுங்க."

"உங்க தொட்டி தாங்காதுங்க. மூணு வகை போதும். டைகர் பார்ப்பையும் டேனியோவையும் எங்கிட்டயே குடுத்துருங்க, இங்க அதுங்க கூட்டம் இருக்குது."

இரண்டு கலர் குறைவது அவருக்குப் பெரிய மானப்பிரச்சினை. சரக்கு வாங்கும் பையர் பெட்டியைத் திருப்பி அனுப்பிவிட்ட மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு சம்மதித்தார். மற்ற மூன்றையும் வாரத்துக்கு ஒரு வகையாக வாங்கிச் சேர்த்தோம்.

கடைசி வகையும் சேர்ந்த சில நாளில், ஒரு காலை, நியான் எல்லாம் ஒன்றாக நடுத்தொட்டிக்கு வந்தன. ஒன்று திரும்பினால் அத்தனையும் திரும்பின. மேலே ரஸ்போரா, கீழே செர்ரி பார்ப். எதுவும் எதையும் கடிக்கவில்லை. அவர் காபியை ஆறவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் கம்பெனிக்குப் போறேன் புள்ள" என்றார். வழக்கமான சத்தம் இல்லை. "ஊட்டுல ஒரு கொறையும் இல்ல. பேசத்தான் ஆளில்ல."

"அப்ப நான் யாருங்க?"

"நீ இருக்கறே. உங்கிட்டப் போயி துணியப் பத்தி என்னத்தப் பேசறது?"

வந்த கோபத்துக்கு டம்ளரை வீசியிருப்பேன். நாலு மெஷினோடு எங்கள் ஷெட்டில் கம்பெனி ஓடிய காலத்தில் தைத்த பனியனைச் சரிபார்க்கும் செக்கிங் மேசையில் நின்றது நான். பக்கத்தில் ராமாத்தாளும் இன்னும் சில பெண்களும். வாய் ஓயாமல் பேசிக்கொண்டே நூல் பிசிறு வெட்டுவோம். பெரிய கட்டடம் வந்ததும், முதலாளி பெண்டாட்டி அங்கே நிற்பதா என்று என்னை வீட்டில் உட்கார வைத்தவர் இவர்தான். அதற்கப்புறம் இந்த கிரானைட் வீட்டில் நான் யாரோடு பேசினேன் என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

"ரெண்டு மாசத்துக்கே இப்புடி ஆயிட்டீங்க" என்றேன். "நான் இருவது வருசமா இப்புடித்தான் இருக்கறனுங்க."

நான் தரணிக்குப் போன் போட்டுக் காரை அனுப்பச் சொன்னேன்.

"அப்பாவுக்காம்மா?"

"ரெண்டு பேருக்கும் கண்ணு. மத்தியானம் வரைக்குந்தான். உங்கப்பா சத்தம் போட்டா அப்பவே கூட்டிட்டு வந்துருவேன். செக்கிங்ல எனக்கு ஒரு எடம் போட்டு வை."

பயம் போகவில்லை. மாத்திரைகளை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். கார் வந்ததும் அவர் வழக்கம்போல முன் சீட்டுக்குப் போகாமல், பின்னால் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கொஞ்ச தூரம் போன பிறகு வெளியே பார்த்தபடியே சொன்னார்:

"ராமாத்தா இன்னும் செக்கிங்லதான் இருக்கறா புள்ள. அப்பப்ப உன்னத்தான் கேப்பா."

எனக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் இதை என்னிடம் சொல்லவே இல்லை இந்த மனுஷன்.