பூட்டில்லாத ஸ்கோப்

மூன்று கிழமையாக என் கூட்டாளி கிருபன் என்னோடு கதைக்கவில்லை. என்னைப் பற்றி மற்றவர்களிடம் மட்டும் நன்றாகக் கதைத்தான். "துவக்கிலை நிசாந்தன் பூட்டின ஸ்கோப், அதாலைதான் மான் அப்பிடிப் போனது" என்று யூனியன்வில்லில் ஒரு பிறந்தநாள் வீட்டில் சொல்லியிருக்கிறான். கேக் வெட்டுகிற இடத்தில் சொல்லுகிற கதையா அது?

நான் கார் திருத்துகிறவன். இருபது வருசத்தில் நான் இறுக்கிய திருகாணி கழன்றதென்று ஒருவரும் என் வாசலில் வந்து நின்றதில்லை. அதனால்தான் எனக்கு அவ்வளவு கொதி.

கிருபனுக்கு வேட்டைப் பைத்தியம் பிடித்தது இரண்டு வருசத்துக்கு முன்பு. படித்து லைசன்ஸ் எடுத்தான். பிறகு யூரியூப் பார்த்து, தூரத்திலிருந்து சுடவேண்டும் என்று தொடங்கினான். அதில் வருகிறவர்களின் துவக்கு ஒவ்வொன்றும் ஒரு காரின் விலை. ஸ்ரௌவ்வில்லில் புதுவீடு வாங்கி மோர்ட்கேஜ் கட்டுகிறவனுக்கு இது தேவையா என்று நான் கேட்கவில்லை. எனக்கும் ஆசை இருந்தது.

"துவக்கைப் பழசா எடு, காசைக் குறிபார்க்கிற கண்ணாடியிலை போடு" என்றேன். ஒரு வெள்ளைக்காரக் கிழவரிடம் மான் சுடுகிற பழைய துவக்கு ஒன்று மலிவாகக் கிடைத்தது. கன்னம் வைக்கிற இடத்துக்குப் பழைய யோகாப் பாயை வெட்டி ஒட்டினோம். பின்னுக்கு முண்டு கொடுக்கிற பை கடையில் விலை என்று, கிருபனின் ஜீன்ஸ் கால் ஒன்றை வெட்டினோம். கிருபனின் மனைவி பிரதீபாதான் அதற்குள் அரிசி போட்டுத் தைத்துத் தந்தாள். "சோத்துக்கு வாங்கின அரிசி, இதுக்கெல்லாம் போகுது" என்று புறுபுறுத்தாள், ஆனால் தையல் இறுக்கமாக இருந்தது.

அந்தக் கண்ணாடிதான் ஸ்கோப்; துவக்கின் மேலே அதைப் பூட்டித் திருகாணி இறுக்கியது நான். அதன் மேலே ஒரு குமிழ் இருக்கும். அதைத் திருப்பினால் குண்டு படுகிற இடம் ஏறும், இறங்கும். திருப்பும்போது டிக் டிக் என்று சத்தம் வரும். கை பட்டுத் திரும்பாமலிருக்க அந்தக் குமிழுக்குப் பூட்டு வைத்த ஸ்கோப்பும் கடையில் இருந்தது. அதற்கு இன்னும் நூற்றைம்பது டொலர். வேண்டாம் என்றோம், இரண்டு பேருமாகத்தான்.

பிரதீபாவுக்கு வீட்டுக்குள் துவக்கு வருவது துண்டாகப் பிடிக்கவில்லை. சண்டைக்காலத்தில் காயம்பட்ட சனம் வைத்தியம் இல்லாமல் நாள்கணக்கில் இழுபட்டுக் கிடந்ததைச் சின்ன வயதில் பார்த்தவள். அதைப் பற்றி ஒரு வரிக்கு மேல் சொல்லமாட்டாள். கிருபனிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "சுட்டால் அந்த இடத்திலையே விழவேணும். துடிச்சுக்கொண்டு ஓடக்கூடாது." கிருபன் அவள் தலையில் கைவைத்துச் சத்தியம் பண்ணினான்.

செப்டம்பரில் சுடுதளத்துக்குப் போய்ச் சரிபார்த்தோம். குமிழ் சுழியத்தில் நிற்க, இருநூறு மீற்றரில் மூன்று குண்டும் ஒரு தேத்தண்ணிக் கோப்பையின் வாய்க்குள் விழுந்தன. குமிழை ஏற்றிவிட்டு நானூறில் தொங்கிய இரும்புத் தட்டையும் அடித்தான். திரும்பச் சுழியத்துக்குக் கொண்டுவந்து கட்டினோம். வேட்டைக்குப் போக முதல் இன்னொருதரம் வந்து சுட்டுப் பார் என்று நான் சொன்னேன். "குண்டுப்பெட்டி அம்பது டொலர் மச்சான், சும்மா ஏன் கரைக்கிறாய்?" என்றான்.

நவம்பரில் பான்குறொஃப்ற் காட்டுப் பக்கம் போனோம். விடிந்து சற்று நேரத்தில் மான் வந்தது. இருநூறு மீற்றர் இருக்கும், குமிழைத் தொடவே தேவையில்லை. கிருபன் நல்ல பிள்ளையாக மூச்சைப் பிடித்துத்தான் சுட்டான். குண்டு ஒரு முழம் கீழே போய் முன்னங்காலில் பட்டது. அந்தக் கால் தொங்க, மான் மூன்று காலில் பற்றைக்குள் ஓடியது. சருகில் கிடந்த இரத்தத்தைப் பார்த்துப் பார்த்துப் பொழுது சாயும்வரை நடந்தோம். ஒரு சதுப்பில் அடையாளம் விட்டுப்போயிற்று. திரும்பி வருகிற வழியில்தான் கிருபன், "நீ பூட்டின வடிவு" என்று தொடங்கினான். நானும் விடவில்லை. வீடு வரும்வரை ஏச்சுத்தான்.

என் மனைவி றஜிதா சொல்லித்தான் மிச்சம் தெரியும். பிரதீபா மீன், இறைச்சி என்று மச்சத்தையே விட்டுவிட்டாளாம். வெள்ளிக்கு வெள்ளி றிச்மண்ட் ஹில் பிள்ளையாரிடம் போகிறாளாம். "அது செத்திருக்குமோ, இல்லாட்டி இன்னும் கிடந்து இழுக்குதோ" என்று ஒவ்வொரு நாளும் புருசனிடம் கேட்கிறாளாம். எனக்கு அவளை நினைத்தால் பாவமாக இருந்தது. அதைவிடப் பெரிய பயம் ஒன்றும் எனக்குள் இருந்தது. உண்மையாகவே என் கை பிழைத்திருந்தால்?

பொறுக்கமுடியாமல் ஒரு சனிக்கிழமை இறுக்கம் அளக்கிற ரோர்க் ரென்சையும் எடுத்துக்கொண்டு ஸ்ரௌவ்வில்லுக்குப் போனேன். கிருபன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கராஜில் துவக்கை எடுத்து வைத்தான். வேட்டையிலிருந்து வந்தபின் அவன் அதைத் தொடவே இல்லை.

"பார். பாத்திட்டு ஒப்புக்கொள்."

திருகாணி ஒவ்வொன்றிலும் ரென்சை வைத்துப் பார்த்தேன். எல்லாம் நான் இறுக்கின இறுக்கம். பூட்டிய அன்று, ஆடினால் தெரியட்டும் என்று றஜிதாவின் நகப்பூச்சால் திருகாணிக்கும் வளையத்துக்கும் சேர்த்துக் கோடு போட்டிருந்தேன். அந்தக் கோடும் முறியவில்லை. எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

பிறகு குமிழைப் பார்த்தேன். அது சுழியத்தில் நிற்கவில்லை, குண்டைக் கீழே இறக்குகிற பக்கம் நன்றாகத் திரும்பியிருந்தது. குமிழின் வரிப்பள்ளங்களுக்குள் சிவப்பாக ஏதோ அப்பியிருந்தது. நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். குங்குமம்.

அந்த நேரம் பார்த்துப் பிரதீபா தேத்தண்ணித் தட்டோடு வந்தாள். "உந்தக் குமிழை ஆர் திருப்பினது?" என்று நான் கேட்டது கொஞ்சம் உரத்துத்தான் போயிற்று.

"ஏன் அண்ணை? சரஸ்வதி பூசைக்குப் புத்தகங்களோடை இவர் உந்தத் துவக்கையும் வைச்சவர். விசைக்குப் பூட்டுப் போட்டுத்தான் வைச்சவர். நான் சந்தனம், குங்குமம் வைச்சு, ஒரு உயிரும் இதாலை கிடந்து துடிக்கக்கூடாது எண்டு கும்பிட்டனான். அடுத்த நாள் ஈரத்துணியாலை அழுத்தித் துடைச்சன். டிக் டிக் எண்டு தொடர்ந்து சத்தம் கேட்டது. ஒண்டும் உடையேல்லை எண்டு பாத்திட்டு விட்டிட்டன்."

கிருபன் பக்கம் திரும்பி, "கேட்டியோ?" என்றேன்.

கிருபனின் முகம் செத்துப்போயிற்று. பிரதீபா என்னைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். தட்டைக் கீழே வைக்கக் குனிந்தவள் அப்படியே நிமிர்ந்தாள்.

"அதாலை என்னவும் நடக்குமோ? அண்ணை, அப்ப அந்த மான்… நானோ?"

"உனக்கென்ன விசரே?" என்றான் கிருபன் அவசரமாக. "உதுக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை. இவன் திருகாணியை வடிவா இறுக்கேல்லை, ஸ்கோப் ஆடிப்போச்சு. இப்ப அதைத்தான் பாத்தனாங்கள். என்ன மச்சான்?"

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தான். மூன்று கிழமையாகக் கேட்காத மன்னிப்பெல்லாம் அந்தப் பார்வையில் இருந்தது. ரென்ச் என் கையில் இருந்தது. முறியாத கோடு கண்முன்னே இருந்தது. அவன் வாயால் ஒரு சொல் கேட்கத்தான் நான் அவ்வளவு தூரம் போனேன்.

"ஓம்" என்றேன். "என்ரை பிழைதான் தங்கச்சி."

அவள் பெருமூச்சு விட்டாள். பிறகு என்னை நேராகப் பார்த்தாள்.

"வடிவாப் பாத்துப் பூட்டியிருக்கலாமே அண்ணை. எத்தனை நாள் இழுத்துக்கொண்டு கிடந்துதோ."

இரண்டு கோப்பைகளையும் தட்டோடு திருப்பி எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

இப்போது கிருபன் நாள் தவறாமல் ஃபோன் எடுக்கிறான். பூட்டு வைத்த ஸ்கோப் ஒன்று எனக்கு வாங்கித் தரப்போகிறானாம். அவன் வீட்டுக்குப் போனால் பிரதீபா கதவைத் திறந்துவிட்டு உடனே மேலே போய்விடுவாள். தேத்தண்ணியைக் கிருபன்தான் போடுகிறான். அவனுக்குப் போடத் தெரியாது, சீனி அள்ளிக் கொட்டிவிடுவான். நான் முழுவதையும் குடித்துவிட்டு வருகிறேன்.