தலைவரின் தூண்டில் அட்டை

பரராசசிங்கம் அண்ணைக்கு மீன்பிடி அட்டை கிடைத்த செய்தியை ஜெர்மனியின் ஹம் நகரத் தமிழருக்கு அவரே கூட்டத்துக்குக் கூட்டம் அறிவித்தார். தமிழர் ஒன்றியத் தலைவர் என்றால் சும்மாவா? ஜெர்மன் மொழியில் பரீட்சை எழுதி, கெண்டையின் படத்தைப் பார்த்துக் கெண்டை என்று சொல்லி, பரீட்சைக்கு ஒரு கட்டணம், அட்டைக்கு ஒரு கட்டணம், கால்வாய்க்கு ஒரு கட்டணம் என்று கட்டிப் பெற்றது. அட்டைப் படத்தில் அவர் மீன் பிடிக்கிறவர் போல இல்லை; மீன்களுக்கு உரையாற்றப் போகிறவர் போல இருந்தார்.

உலகக் கிண்ணக் கோடையில் ஒரு சனிக்கிழமை பின்னேரம் அலோசியசைக் கால்வாய்க்குக் கூட்டிப் போனார். அலோசியஸ் மன்னார்க்காரன், பாண் சுடும் தொழிற்சாலையில் வேலை. அவனுடைய குடியுரிமை விண்ணப்பம் நகராட்சியில் முடிவுக்குக் காத்திருந்தது. ஒரு வழக்கு விழுந்தால் எல்லாம் போச்சு என்று பஸ்ஸில்கூட ரிக்கற்றைக் கையிலேயே பிடித்திருப்பவன்.

"அண்ணை, என்னட்டை அட்டை இல்லை. நான் சும்மா இருந்து பாக்கிறன்."

"என்னட்டை இருக்கெல்லே? ரயிலிலை ஒரு ரிக்கற்றிலை அஞ்சு பேர் போறம், ஆரும் பிடிச்சவங்களோ? இதுவும் உப்பிடித்தான். தலைவரிட்டை இருந்தால் காணும். பிடியும்!"

எசன் நகரில் கல்யாணம், செத்தவீடு எதுவென்றாலும் எங்கள் சனம் ஐவர் ரிக்கற்றில்தான் போய்வரும். ரிக்கற்றைப் பிடித்தபடி தலைவர் முன்னால் நடப்பார். அந்தப் பழக்கத்தில் தலைவர் நீட்டிய இரண்டாவது தூண்டிலுக்கு அலோசியசின் கை தானாக நீண்டுவிட்டது.

மிதவை தாழ்ந்தது. மீன் இழுத்தது. அதே நேரம் கரைப் பாதையில் சைக்கிளை நிறுத்திவிட்டு, பச்சை மேலங்கியில் வில்லை குத்திய ஒருவர் இறங்கி வந்தார். மீன்பிடி மேற்பார்வையாளர்.

விட்டால் மீன் தூண்டிலோடு போய்விடும். விடாவிட்டால் கையும் களவும். விடவும் தெரியாமல் இழுக்கவும் தெரியாமல் அலோசியஸ் நின்றான்.

மேற்பார்வையாளர் தலைவரின் அட்டையைப் பார்த்து நன்றி சொன்னார். பிறகு அலோசியஸ் பக்கம் திரும்பினார்.

"உங்களுடையது?"

"இவர் என்னுடைய குழு" என்றார் தலைவர், மேடைக் குரலில்.

"அட்டை ஆளுக்கு ஒன்று. இல்லாமல் பிடித்தால் அது களவு. பொலிசுக்குச் சொல்ல வேண்டும்."

தலைவரின் நெஞ்சிலிருந்து காற்று இறங்கியது. மேடைக் குரலும் அதோடு போனது.

"எனக்கு இவரை அவ்வளவு பழக்கமில்லை. பக்கத்தில் வந்து நின்றவர்."

மேற்பார்வையாளர் கைபேசியை எடுத்தார். அலோசியஸ் தூண்டிலை விடாமலே தலைவர் பக்கம் திரும்பித் தமிழில் கத்தினான்.

"அண்ணை, என்ன சொல்லுறியள்? என்ரை குடியுரிமை அன்ட்ராக், அந்த விண்ணப்பம், உள்ளுக்கை கிடக்கு!"

"ஸ்ஸ், கதையாதையும். நானொரு தலைவர். என்ரை பேர் பொலிசிலை வரக்கூடாது."

"என்ரை பேர் வரலாமோ?"

மேற்பார்வையாளர் இலக்கங்களை அழுத்திக்கொண்டிருந்தார். பயம் தலைக்கேறிய அலோசியசுக்கு வாய் தானாகத் திறந்தது.

"நாளைக்கு ஒன்றியக் கூட்டம். உள்ளதைச் சொல்லாட்டி மைக்கைப் பிடிச்சு நான் சொல்லுவன். என்ரை மனிசி மக்டலீனும் பக்கத்திலை நிப்பா."

மக்டலீன் நின்றால் மைக் தேவைப்படாது என்பது தலைவருக்குத் தெரியும். பொலிசில் பேர் வந்தால் ஒரு கடிதத்தோடு போகும். கூட்டத்தில் வந்தால் தலைவர் கதிரையே போய்விடும்.

"பொறுங்கள்" என்றார் மேற்பார்வையாளரிடம். "இரண்டு தூண்டிலும் என்னுடையவை. நான்தான் பிடிக்கச் சொன்னேன். அவர் மாட்டேன் என்றவர்."

மேற்பார்வையாளர் இன்னும் தூண்டிலை விடாமல் நின்றவனை மேலும் கீழும் பார்த்தார். கைபேசி சட்டைப்பைக்குள் போனது. தூண்டிலை வாங்கி, மீனைக் கழற்றித் தண்ணீரில் விட்டார். தலைவரின் கால்வாய் அனுமதிச் சீட்டைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டார்.

"மீன்பிடிச் சங்கத்தில் பேசிக்கொள்ளுங்கள்" என்றவர், அலோசியசிடம், "நீங்கள் போகலாம். மறுபடி கண்டால் பொலிஸ்தான்" என்றார்.

அலோசியஸ் சரிவில் ஏறினான். ஓடினால் குற்றவாளி போலிருக்கும் என்று மெதுவாகவே ஏறினான்.

"அலோசியஸ்! உந்தத் தூண்டில் ரெண்டையும் தூக்கிக்கொண்டு வாரும்!"

மேற்பார்வையாளர் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தார். அலோசியஸ் இரண்டு கைகளையும் அவருக்குத் தெரியும்படி உயர்த்தினான்.

"ஏலாது அண்ணை. நான் தொடமாட்டன்."