பால்கனியில் ஆமை

முத்துராமனின் ஜப்பானிய மேனேஜர் ஹிராயாமாவின் மனைவி தன் கையாலேயே வனைந்து, சுட்டு, வண்ணம் தீட்டிக் கொடுத்த ஜோடிக் கோப்பைகள் அவை. ஒன்றில் கொக்கு. அதை முத்துராமனின் மனைவி ஜெயபாரதி ஷோகேஸில் வைத்து அழகு பார்த்தாள். இன்னொன்றில் ஆமை. ஆமையை யாராவது வீட்டுக்குள் விடுவார்களா? கோயம்புத்தூரில் செய்யாததை துபாய் அல் குசைஸில் மட்டும் செய்துவிடுவாளா என்ன! அந்தக் கோப்பை பால்கனிக்குப் போய், துணி கிளிப் போட்டுவைக்கும் டப்பாவாகிவிட்டது.

இரண்டாயிரத்து ஒன்பதில் கம்பெனியில் ஆள் குறைக்க ஆரம்பித்தார்கள். பால்கனியும் வீட்டோடு சேர்த்திதானோ, ஆமை அங்கே இருப்பதால்தான் இப்படியோ என்று ஜெயபாரதி யோசிக்க ஆரம்பித்தாள். அந்த நேரம் பார்த்து முத்துராமன் போன் செய்தான்.

"பாரதி, சாரும் மேடமும் சாயங்காலம் நம்ம வீட்டுக்கு வர்றாங்களாம். நேர்ல ஏதோ சொல்லணுமாம்."

"வேலையப் பத்தியாங்க?"

"தெரியல. அவங்க குடுத்த கப்புலயே டீ குடு."

வடைக்கு அரைத்து முடித்து, கோப்பையை எடுத்துக் கழுவுவதற்குள் வாசல் மணி அடித்துவிட்டது. முத்துராமனோடும் ஹிராயாமாவோடும் உள்ளே வந்த அந்த அம்மாள், காற்று வாங்குகிறேன் என்று நேரே பால்கனிக்குப் போனார். திரும்பி வந்தபோது கையில் ஆமைக் கோப்பை, நிறைய கிளிப்புகளோடு.

முத்துராமனின் முகத்தில் ஈயாடவில்லை. ஜெயபாரதிக்குப் பொய் ஒன்றும் அகப்படவில்லை. ஆமை வந்தால் குடும்பத்துக்கு ஆகாது என்று எங்கள் ஊரில் நம்புவோம், பயந்துவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று தெரிந்த இங்கிலீஷில் கொட்டிவிட்டாள்.

அந்த அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"எங்களுக்கு ஆமை என்றால் நீண்ட ஆயுள். நீங்கள் நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் வரைந்தேன்" என்றவர், குரலைத் தாழ்த்தினார். "தீபாவளிக்குத் தாமரை போட்ட பித்தளைத் தட்டு கொடுத்தீர்களே? எங்கள் ஊரில் தாமரை சாவு வீட்டுக்கு உரியது. அது என் பால்கனியில், பூந்தொட்டிக்கு அடியில் இருக்கிறது."

லட்சுமி கடாட்சம் பொங்கட்டும் என்று பர் துபாய் முழுக்க அலைந்து வாங்கிய தட்டு! ஜெயபாரதிக்கும் சிரிப்பு பீறிட்டது.

ஹிராயாமா மெல்லச் செருமினார். "நான் ஜப்பானுக்குத் திரும்புகிறேன். என் இடத்துக்கு முத்துராமன் வருகிறார். அதைச் சொல்லத்தான் வந்தோம்."

அப்பாடா! ஜெயபாரதி அழுதேவிட்டாள். யாரும் தப்பாக நினைக்கவில்லை.

அவர்கள் கிளம்பியதும் கோப்பையைத் தேய்த்துக் கழுவி, டீயை ஊற்றிக்கொண்டு, நடு ஹாலில் சப்பணமிட்டு உட்கார்ந்தாள்.

"வந்தது வந்துட்ட, இங்கயே இரு" என்று ஆமையிடம் சொன்னாள்.