கூடுதலாக மூன்று குஞ்சு

கோழிக்குஞ்சு குறைந்தால் காரணம் சொல்ல எவ்வளவோ இருக்கிறது. காக்கா, பூனை, கீரி, இல்லாவிட்டால் பக்கத்து வீடு. கூடினால் யாரைச் சொல்வது? தருமபுரத்தில் தன் வீட்டுக் கொல்லையில் குத்தவைத்து, கோழி கவிழ்க்கும் பஞ்சாரக் கூடையை ஒரு கையால் தூக்கிப் பிடித்தபடி, சௌந்தரவல்லி மூன்றாம் தடவையாக எண்ணினாள். பதினொன்று. அவள் வாங்கியதோ பத்து.

கொடியில் காயும் துணியைக்கூட எண்ணிவைக்கிறவள் அவள். எண்ணிக்கையில் தப்பு நேர வழியில்லை என்பாள். அவளிடம் வாய் கொடுப்பதற்குப் பதில் நாமும் ஒத்துக்கொண்டுவிடலாம்.

அவளுடைய சாம்பல் கோழி இருபத்தொரு நாள் அடைகாத்தும் முட்டையெல்லாம் கூமுட்டையாகிவிட்டது. கோழி எழுந்திருக்க மாட்டேன் என்று அடம்பிடித்தது. வண்டியில் குஞ்சு விற்றுக்கொண்டு வந்தவனிடம் பத்துக் குஞ்சு வாங்கி, பொழுது சாய்ந்து கோழிக்குக் கண் மங்குகிற நேரத்தில் முட்டைகளை உருவிவிட்டு, ஒவ்வொன்றாக அதன் வயிற்றுக்கடியில் செருகினாள். விடிந்து பார்த்தால், கோழி தான் பொரித்த குஞ்சுகள் என்றே நம்பி, கொக்கொக்கென்று கூப்பிட்டு இரை காட்டிக்கொண்டிருந்தது. சௌந்தரவல்லிக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. அந்தக் குளிர்ச்சி ஒரு நாள்தான் நின்றது.

பதினொன்று மறுநாள் பன்னிரண்டாயிற்று. அதற்கு அடுத்த நாள் பதின்மூன்று. எல்லாம் ஒரே பழுப்பு நிறம்தான். ஆனால் பிடித்துப் பார்த்தால், மூன்றுக்கு மட்டும் இறக்கை முனை கொஞ்சம் கூடுதலாக நீண்டிருந்தது. நாலு நாளாவது மூத்த குஞ்சுகள்.

"யாரோ கொண்டாந்து விடுறாங்க" என்றாள் புருஷனிடம்.

நீலமேகம் கரண்டு ஆபீசில் வேலைபார்த்து ஓய்வு பெற்றவர். செய்தித்தாளை விட்டு முகத்தை எடுக்கவில்லை. "விட்டா விட்டுட்டுப் போறாங்க. நஷ்டமா நமக்கு?"

"சும்மா எவ குடுப்பா? எல்லாம் அவ வேலைதான்."

அவள் என்றால் வேலிக்கு அந்தப் பக்கத்து அஜீசுன்னிசா. இரண்டு வருஷத்துக்கு முன்னால் சௌந்தரவல்லியின் கருப்புக்கோழி ஒன்று காணாமல் போனது. அதே வாரம் அஜீசுன்னிசா வீட்டில் கோழிக்குழம்பு மணத்தது. அவ்வளவுதான். மீன்காரி கூடையைச் சுற்றித் தெருப் பெண்கள் நிற்கும் நேரம் பார்த்துச் சௌந்தரவல்லி, "நான் யாரு பேரையும் சொல்லல. தின்னவங்களுக்குத் தெரியும்" என்று வேலிப் பக்கம் பார்த்துச் சொன்னாள். மூன்று வாரம் கழித்து, அவள் கொல்லை மூலையில் குவித்துக் கிடந்த தென்னமட்டைக்கு உள்ளிருந்து அந்தக் கோழி ஏழு குஞ்சோடு இறங்கி வந்தது. திருட்டுத்தனமாக அங்கே அடைகாத்திருக்கிறது. சௌந்தரவல்லி அவசர அவசரமாக அதைக் கூண்டில் அடைத்தாள். கேட்டவர்களிடம் திருநள்ளாற்றுப் பக்கம் வேறு கருப்புக்கோழி வாங்கியதாகச் சொன்னாள். தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று தெருவில் போய் நின்றால், அப்புறம் இந்தத் தெருவில் தன் பேச்சுக்கு என்ன மதிப்பு?

அதனால்தான் இப்போது பயம். நாம் பண்ணியதை எதிராளியும் பண்ணுவாள் என்றுதானே தோன்றும். குஞ்சை இங்கே விட்டுவிட்டு, ஒருநாள் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து, "எங்க வீட்டுக் குஞ்சு இவங்க கூண்டுல எப்படி வந்துச்சு?" என்று கேட்கப்போகிறாள். திருடி என்ற பட்டம் தன் தலையில் விழும்.

சாயங்காலம் சமையலறை ஜன்னலோரம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து வேலியையே பார்த்தாள். ஒரு குருவிகூட நுழையவில்லை. கூண்டை அடைத்துவிட்டு வந்த நீலமேகம், "உள்ள வா, கொசு கடிக்குது" என்றார்.

இறக்கை முனை வித்தியாசமெல்லாம் ஒரு வாரத்துக்குத்தான். அப்புறம் பிரம்மாவாலும் பிரிக்க முடியாது. எனவே மறுநாள் விடிந்ததும், வெள்ளைத் துணிக்குப் போடும் சொட்டு நீலத்தை எடுத்துவந்து, தன் குஞ்சு பத்தையும் பிடித்து, தலையிலும் முதுகிலும் நன்றாகத் தடவிவிட்டாள். இனி எவள் வந்தாலும் நீலம் எங்களுது, மற்றது உன்னுது, தூக்கிக்கொண்டு போ என்று சொல்லிவிடலாம். கை கழுவிக்கொண்டு போய் நிம்மதியாகக் காப்பி குடித்தாள்.

திரும்பி வந்தபோது பஞ்சாரத்துக்குள் ரகளை. சாம்பல் கோழி கழுத்து மயிரைச் சிலிர்த்துக்கொண்டு நீலக் குஞ்சுகளைத் துரத்தித் துரத்திக் கொத்தியது. நேற்றுவரை இறக்கைக்குள் வைத்துத் தூங்கிய குஞ்சுகளை அதற்கு அடையாளம் தெரியவில்லை. நீலமாக ஏதோ பூச்சி புகுந்துவிட்டதென்று நினைத்ததோ என்னவோ. ஒன்று மண்டை உடைந்து செத்துக் கிடந்தது. பழுப்பு நிறத்து மூன்று மட்டும் கோழியின் இறக்கைக்கடியில் பத்திரமாக இருந்தன.

"அந்த மூணு மேலயும் எதையோ தடவி அனுப்பியிருக்கா" என்று கத்தினாள் சௌந்தரவல்லி.

நீலமேகம் வந்து செத்த குஞ்சைப் பார்த்தார். அவருக்கு முகம் வாடிவிட்டது. "அவங்க அனுப்பல. நான்தான் வச்சேன்."

"நீங்களா?" என்றாள் அவள்.

"நாய் பூந்து அவங்க கோழியைக் கடிச்சுப் போட்டுருச்சு. மிச்சம் மூணு குஞ்சுதான். தாய்ச்சூடு இல்லாம செத்துரும்னு வேலியோரம் நின்னு அழுதாங்க. ஒரேடியா வச்சா உனக்குத் தெரிஞ்சுரும்னு, கூண்டு அடைக்கிறப்ப ஒண்ணொண்ணா வச்சேன்."

"என்கிட்ட ஒரு வார்த்த சொன்னா என்ன?"

"சொன்னா வச்சுக்குவியா?"

அவள் நீலக் குஞ்சுகளைத் தண்ணீரில் கழுவிப் பார்த்தாள். நீலம் போகவில்லை. நனைந்து நடுங்க ஆரம்பித்ததுதான் மிச்சம்.

"அவங்க கோழி பொழச்சிருச்சு. நேத்துலேருந்து குஞ்சத் தேடிக் கத்திக்கிட்டுக் கிடக்கு. அது இதுங்களைப் பார்த்ததே இல்ல, நீலமா இருந்தாலும் சேத்துக்கும்" என்றார் அவர்.

ஒன்பதையும் முந்தானையில் துடைத்து, கூடையில் துணி விரித்துப் போட்டு, சௌந்தரவல்லி வேலிக்குப் போனாள். அஜீசுன்னிசா கோழியின் காயத்துக்கு மஞ்சள் வைத்துக்கொண்டிருந்தாள்.

"இதுங்களை உங்க கோழிகிட்ட விட முடியுமா?"

அஜீசுன்னிசா எழுந்து வந்து கூடைக்குள் பார்த்தாள். கையை நீட்டவில்லை. "அண்ணனக் கூப்பிடுங்க."

"எதுக்கு?"

"உங்க வீட்டுக் கோழிய நான் கையில வாங்குறத ஒரு ஆளு பாக்கணும்க்கா."

சௌந்தரவல்லி கூனிக் குறுகிப்போனாள். நீலமேகம் தானாகவே வந்து நின்றார். அவர் பார்க்க அஜீசுன்னிசா கூடையை வாங்கிக்கொண்டாள்.

"அந்தக் கருப்புக்கோழி எங்க தென்னமட்டைக்குள்ளதான் இருந்துச்சு" என்றாள் சௌந்தரவல்லி.

"தெரியும்க்கா" என்றாள் அஜீசுன்னிசா. குஞ்சுகளோடு உள்ளே போய்விட்டாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை.

வாசலில் மீன்காரி குரல் கேட்டது. "பழைய கதைய விடு" என்று நீலமேகம் சொல்லச் சொல்ல, சௌந்தரவல்லி வீட்டுக்குள் புகுந்து தெருவுக்கு வந்தாள். சின்னப்பிள்ளை என்று பேர் கொண்ட அந்த மீன்காரி கெண்டைக்குச் செதில் எடுத்துக்கொண்டிருந்தாள். சுற்றி ஐந்தாறு பேர் நின்றார்கள்.

"அன்னைக்குக் கோழி விஷயமா ஒருத்தரப் பேரு சொல்லாமப் பேசுனேன்ல. அது அஜீசுன்னிசாவத்தான். அவங்க எடுக்கல. கோழி என் கொல்லையிலயேதான் இருந்துச்சு."

சின்னப்பிள்ளை மீனைத் திருப்பிப் போட்டாள். "அது அப்பவே எல்லாருக்கும் தெரியும்ங்க. நீங்க எப்ப சொல்லுவீங்கன்னுதான் பாத்துக்கிட்டு இருந்தோம்."