மலை முத்திரை டயர்

என் வீட்டுக்காரர் அப்பாசாமிக்குக் கண் கட்டைவிரலில் இருக்கிறது. மாம்பழம், மீன், தலையணை, எதுவானாலும் அழுத்திப் பார்த்துத்தான் வாங்குவார். அழுத்தும்போது கண்ணை வேறு மூடிக்கொள்வார். பக்கத்தில் நிற்கிற எனக்கு மானம் போகும். ரங்கூனில் டாக்சி ஓட்டியே தலை நரைத்தவர், டயரையும் அப்படித்தான் பார்ப்பார்.

இந்த மழைக்காலத்துக்கு முன்னால் எங்கள் டாக்சிக்கு நாலு டயரும் மாற்ற வேண்டி வந்தது. பழசு மொட்டைத் தலை மாதிரி வழவழத்துக் கிடந்தது. வேறு சமயமாக இருந்தால் கிடைத்ததைப் போட்டு ஓட்டியிருப்பார். இப்போது வீட்டில் செண்பகம் இருந்தாள். எங்கள் ஒரே மகள். இரண்டு தடவை வயிற்றில் தங்காமல் போய், மூன்றாவதாகத் தங்கி ஏழு மாதம். மாப்பிள்ளை முரளிதரன் ஜப்பானின் வடகோடியில் மீன் ஃபேக்டரியில் வேலை செய்கிறார். அவர் பெண்டாட்டியையும் பிள்ளையையும் பத்திரமாக வைத்துக் கொடுக்க வேண்டியது எங்கள் பொறுப்பு.

டாக்டர் சயாமா இருப்பது மிங்கலாடோனில். "குலுங்காம கூட்டிட்டு வாங்க" என்று அந்தம்மா சொல்லிவிட்டார். நாங்கள் இருக்கிற பசுந்தாங்கிலிருந்து மிங்கலாடோன் வரைக்கும் ரோடு இருக்கிற இருப்புக்குக் குலுங்காமல் போக வேண்டுமானால் பறந்துதான் போக வேண்டும். இவர் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். மெத்தென்று இருக்கிற டயர், வெயிலுக்கும் மழைக்கும் சேர்ந்தாற்போல் ரோட்டைப் பிடிக்கிற டயர் என்று தூக்கத்தில்கூடப் புலம்பினார்.

தஸ்தகீர் பாய் கடை எங்கள் தெரு முனையில், ஓடைப் பக்கம் இருக்கிறது. புதுசும் வைத்திருப்பார், ஜப்பானில் கழற்றிக் கப்பலில் வருகிற பழசும் வைத்திருப்பார். இவர் புது டயரை அழுத்தினார், உதட்டைப் பிதுக்கினார். அடுத்ததை அழுத்தினார். "பாய், இது டயரா, அம்மிக்கல்லா?" என்றார். பிறகு உள்ளே மூலையில் கிடந்த நாலு ஜப்பான் பழசைக் கண்டார். அழுத்தினார். கட்டைவிரல் கொஞ்சம் உள்ளே போனது. கண்ணை மூடியவர் திறக்கவே இல்லை.

"ராணி, நீயும் அழுத்திப் பாரு."

நானும் அழுத்தினேன். பொய் சொல்லக் கூடாது, மெத்தென்றுதான் இருந்தது. ரப்பர் முழுக்கப் பொடிப்பொடியாகக் கீறல், ஆழமான பள்ளம், தேய்மானமே இல்லை. பக்கவாட்டில் ஒரு முத்திரை இருந்தது. மூன்று சிகரம் வைத்த மலை, அந்த மலைக்குள்ளே ஆறு முனை வைத்த நட்சத்திரம். இவர் அதைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"மலை. மலைக்குள்ள ஆறு முனை. ராணி, இது யாருன்னு தெரியுதா?"

தைப்பூசத்துக்குத் தவறாமல் காவடி எடுக்கிற மனுஷன். அவருக்கு அது யாராக இருக்க முடியும்? டயர் என்றும் பார்க்காமல் முத்திரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "முருகனே வந்து பொறிச்சு வச்சிருக்கான், பாய்" என்றார். தஸ்தகீர் பாய் வாயைத் திறந்தார், மூடினார், தொப்பியைச் சரி செய்துகொண்டார். "அண்ணே, புதுசுலயே இன்னொண்ணு இருக்கு, பாக்குறீங்களா?" என்று மட்டும் கேட்டார். இவர் காதில் விழவில்லை.

மறுநாள் காலையில் கோவில் வாசலில் பூஜை. முத்திரை ஒவ்வொன்றுக்கும் சந்தனம் குங்குமம், சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம். இந்த ஊர் வழக்கத்தையும் விடாமல் முன்பக்கம் தபியே இலைக் கொத்தும் மல்லிகையும் கட்டினார். எலுமிச்சம்பழம் நசுங்கியதும் முத்திரையைப் படம் பிடித்து மாப்பிள்ளைக்கு அனுப்பினார். மாப்பிள்ளையிடமிருந்து கைகூப்புகிற பொம்மைப் படம் வந்தது. அதை எனக்கும் செண்பகத்துக்கும் மாடியில் இருக்கிற எல்லோருக்கும் காட்டினார்.

வண்டி நிஜமாகவே மெத்தை மாதிரிதான் ஓடியது. பள்ளத்தில் இறங்கினால்கூடத் தூளியில் இறங்குகிற மாதிரி இருந்தது. செண்பகம் பின்னால் என் தோளில் சாய்ந்து வருவாள், இவர் பழைய பாட்டாகப் பாடிக்கொண்டு ஓட்டுவார். இப்படி ஒரு வாரம் போனது, இன்னொரு வாரமும் போனது. ஊரில் பார்க்கிறவரிடமெல்லாம் டயர்ப் புராணம்தான்.

அப்புறம் மழை பிடித்தது. இந்த ஊர் மழை ஆரம்பித்தால் வானத்தைத் தையல் பிரித்த மாதிரி கொட்டும். அன்று டாக்டரிடம் போகிற நாள். எட்டு மைல் தாண்டியதும் முன்னால் போன பஸ் நின்றது. இவர் பிரேக்கை மிதித்தார். வேகம்கூட அதிகமில்லை.

வண்டி நிற்கவில்லை.

மிதித்தது மிதித்தபடி இருக்க, வண்டி அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. இவர் ஸ்டியரிங்கை இந்தப் பக்கம் திருப்பினார், வண்டி அந்தப் பக்கம் திரும்பியது. முன்கண்ணாடியில் பஸ்ஸின் பின்பக்கம் பெரிதாகிக்கொண்டே வந்து, திடீரென்று காணாமல் போய், மழையும் நடுச்சுவரும் மாறி மாறி வந்தன. நான் செண்பகத்தின் வயிற்றுக்கு மேல் குப்புற விழுந்து மூடிக்கொண்டேன். இடித்த சத்தம் எனக்கு முதுகில் கேட்டது.

சுவரில் பக்கவாட்டாக உரசி நின்றிருந்தோம். யாருக்கும் காயமில்லை. இவர் இன்னும் பிரேக்கை மிதித்துக்கொண்டே இருந்தார். காலை எடுக்கச் சொன்னேன், எடுக்கவில்லை. என்ன நடந்தது என்று எங்கள் மூன்று பேருக்கும் விளங்கவே இல்லை.

அப்போது செண்பகம் சொன்னாள். "அம்மா, அசையல."

அதற்குப் பிறகு மிங்கலாடோன் எப்படிப் போய்ச் சேர்ந்தோம் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. யாரோ ஒரு பர்மாக்காரர் தன் காரில் ஏற்றிக்கொண்டார். அவருக்கு நன்றிகூடச் சொல்லவில்லை. வழி முழுக்க நான் அவள் வயிற்றில் கை வைத்திருந்தேன். எந்நேரமும் முட்டி உதைக்கிற பிள்ளை, கல் மாதிரி கிடந்தது. இரண்டு தடவை அழுது முடித்த வீடு எங்கள் வீடு. மூன்றாவது தடவைக்கு என்னிடம் கண்ணீர் இல்லை.

சயாமா கருவியை வைத்துத் தேடினார். கரகரவென்ற இரைச்சல்தான் வந்தது. இன்னும் கொஞ்சம் கீழே நகர்த்தினார். இரைச்சல். இவர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். பிறகு குதிரை ஓடுகிற மாதிரி டக்டக்கென்று வந்தது பாருங்கள், நான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"பயந்து போய்ச் சுருண்டு கெடக்குது" என்று சயாமா சிரித்தார். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

செண்பகம் படுத்தபடியே புருஷனைப் போனில் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னாள். மாப்பிள்ளை முழுக்கக் கேட்டுக்கொண்டார். பிறகு, "மாமாகிட்ட குடு" என்றார். இவர் போனை வாங்கி எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வைத்தார்.

"மாமா, கோவிச்சுக்காதீங்க. அது பனி டயரு. இங்க ரோடெல்லாம் பனிக்கட்டியா உறைஞ்சு கெடக்கும், அதுல ஓட்டுறது. அந்த ரப்பரு குளிருக்குன்னே செஞ்சது. நம்மூரு சூட்டுல கொழகொழன்னு ஆயிரும். இந்த மாதிரி தண்ணி நின்னா பிடிக்காது, வழுக்கிட்டுப் போயிரும்."

"அந்த மலை?" என்றார் இவர்.

"பனி மலை, மாமா. உள்ள இருக்கிறது நட்சத்திரம் இல்ல, பனிச்சில்லு. பக்கத்துல பாத்தா அப்படித்தான் ஆறு முனையா இருக்கும்."

இவர் போனைக் கட்டிலில் வைத்தார். எனக்குத்தான் பொறி தட்டியது. "மாப்பிள்ள, படம் அனுப்புன அன்னிக்கே உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும் அத்தை. மாமா குங்குமம் எல்லாம் வச்சிருந்தாரு. சந்தோசமா இருந்தாரு. எப்படிச் சொல்றதுன்னு… அனாடே அத்தை."

எதிராளி மனசு கோணக் கூடாதென்று வாயைக் கட்டிக்கொள்கிற கூச்சத்துக்கு இந்த ஊர்க்காரர்கள் வைத்த பேர் அனாடே. தண்ணீரிலேயே கலந்திருக்கிறது போலிருக்கிறது, குடித்த நமக்கும் ஒட்டிக்கொண்டது. நல்ல குணம்தான், நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் தன் பெண்டாட்டி, தன் பிள்ளை! கைகூப்புகிற பொம்மையை அனுப்பிவிட்டுச் சும்மா இருந்திருக்கிறார். மாப்பிள்ளை என்றும் பார்க்காமல் வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவர் அந்தப் பக்கம் அழுதார்.

மறுநாள் இழுவை வண்டியில் டாக்சி தஸ்தகீர் பாய் கடைக்கு வந்தது. மழையில் சந்தனமெல்லாம் கரைந்து, மலை மட்டும் பளிச்சென்று தெரிந்தது. பாய் அதைப் பார்த்தார், இவரைப் பார்த்தார், முகம் வெளுத்துவிட்டது.

"பாய், இது பனி டயருன்னு உங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்டேன். தெரியாது என்று சொல்வார் என்றுதான் கேட்டேன்.

"அரைகுறையாத் தெரியும் தங்கச்சி" என்றார். "அதான் மூலைல போட்டு வச்சிருந்தேன். சொல்லத்தான் வாயெடுத்தேன். அதுக்குள்ள அண்ணன் சாமின்னு கண்ணுல ஒத்திக்கிட்டாரு. நான் தொப்பி போட்டவன். உங்க சாமிய சாமி இல்லன்னு நான் எப்படித் தங்கச்சி சொல்லுவேன்? அண்ணன் ஒண்ணும் நெனைக்க மாட்டாரு. தெருவுல போறவன் கேட்டா?"

எனக்குக் கோபம் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. இந்த ஊரில் எந்தப் பேச்சு எங்கே போய் முடியும் என்று யாருக்குத் தெரியும்? ஆனால் எங்கள் வீட்டில் மட்டும்தான் தெரியாமல் இருந்திருக்கிறது.

இவர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி வைத்திருந்ததை நான் பார்த்தேன்.

"பாய், என் மூஞ்சியப் பாக்காம சொல்லுங்க. எதைப் போடலாம்?"

பாய் உள்ளே போய் ஒரு புது டயரை உருட்டிக்கொண்டு வந்தார். நடுவில் தண்ணீர் வெளியேற அகலமான வாய்க்கால்கள் இருந்தன. கல் மாதிரியும் இல்லை, மெத்தை மாதிரியும் இல்லை. "வெயிலுக்கும் நிக்கும், மழைக்கும் நிக்கும். காத்தை அளவா வச்சித் தரேன். ஆனா பள்ளம் தெரியும்ண்ணே, தெரியாதுன்னு சொல்ல மாட்டேன்" என்றார்.

வண்டியைத் தட்டி நிமிர்த்தியதும் செண்பகத்தைக் கூட்டிக்கொண்டு மறுபடி டாக்டரிடம் கிளம்பினோம். தூறல். இவர் பாடவில்லை. தாம்வே பக்கம் ஒரு பள்ளம், தடக்கென்று இறங்கி ஏறியது.

"வலிச்சுதாம்மா?" என்றார், கண்ணாடியில் அவளைப் பார்த்து.

"இல்லப்பா" என்றாள் செண்பகம்.

இவர் வண்டியை ஓரம் கட்டினார். திரும்பி உட்கார்ந்து மகளின் முகத்தையே பார்த்தார். பின்னால் ஹாரன் அடித்தார்கள். அவர் அசையவில்லை.

"வலிச்சுதா?"

செண்பகத்தின் உதடு கோணியது. "வலிச்சுதுப்பா" என்றாள். அதோடு நிற்காமல், "அந்த டயரு வழுக்கும்னு எனக்கும் தெரியும்ப்பா" என்றாள். "இடிக்கிறதுக்கு முந்தின வாரம், இதே எடத்துல, இதே மாதிரி தூறல்ல வண்டி நழுவுச்சு. வயித்தப் புடிச்சுக்கிட்டேன். நீங்க பாடிக்கிட்டிருந்தீங்க."

நான் அவளைப் பார்த்தேன். அன்று அவள் தலை என் தோளில்தான் இருந்தது.

இவர் முன்னால் திரும்பி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, வண்டியை எடுத்தார். சைக்கிள் ரிக்‌ஷாக்காரன்கூட எங்களை முந்திக்கொண்டு போனான். அடுத்த பள்ளத்தில் அவர் கேட்பதற்கு முன்னாலேயே செண்பகம், "வலிக்குதுப்பா, மெதுவா" என்றாள். அவர் இன்னும் மெதுவாகப் போனார்.