முதுகு காட்டிய பதினேழு பெண்கள்

ஓவிய டீச்சருக்கு நாட்டின் உயரிய விருது என்று அறிவிப்பு வந்த செவ்வாய்க்கிழமை காலை, அவர் வரைந்த பதினேழு பெண்களும் முதுகைத் திருப்பிக்கொண்டார்கள். வீட்டுக் கூடத்தில் ஆறு பேர், மாடிப்படியோரம் நான்கு, பள்ளி அலுவலகத்தில் ஏழு. வர்ணம் கலையவில்லை, கேன்வாஸ் கிழியவில்லை. நேற்றுவரை முகம் இருந்த இடத்தில் கொண்டையும் பின்னலும் பிடரியும் இருந்தன, அவரே வரைந்ததுபோல.

டீச்சர் நாற்பத்தொரு வருடம் முன்பு ஒற்றைப் பெட்டியோடு இந்த நாட்டில் கப்பலிறங்கியவர். பெண்கள் தூரிகை பிடித்தால் சிரித்த காலத்தில், மூடிக்கிடந்த அச்சகமொன்றில் அவர்களுக்காக ஓவியப் பள்ளி தொடங்கினார். முதல் வருடம் மூன்று பேர். இப்போது நானூறு பேர், ஒழுகும் கூரை. விருது விழாவில் அமைச்சர் இந்தப் படங்களின் கண்காட்சியைத் திறந்துவைத்து, புதுக் கட்டடத்துக்கான ஆணையில் கையெழுத்திடுவதாக ஏற்பாடு. அதற்கு ஒன்பது நாள் இருந்தது. கலைத்துறை அதிகாரி வந்து படங்களைக் கழற்றிப் பின்பக்கமும் பார்த்தார். அங்கே வெறும் துணிதான். "அமைச்சருக்கு முதுகு காட்டுற படத்தை மாட்ட முடியாது டீச்சர். திங்கட்கிழமைக்குள்ள சரி பண்ணிடுங்க. விழா ஒரு தடவை தள்ளிப்போனா கட்டடமும் அவ்வளவுதான்" என்றார்.

டீச்சர் கொண்டைகளின் மேலேயே முகங்களை வரைந்து பார்த்தார். மறுநாள் காலை அந்த வர்ணமெல்லாம் தரையில் சொட்டிக் கிடந்தது. மகள் விழா மலரின் அச்சுப்படியை வாய்விட்டுப் படித்தாள். 'யாரிடமும் கற்காமல் தானே வளர்ந்தவர்' என்ற வரியில் டீச்சர் கையை உயர்த்தி நிறுத்தினார். வந்த புதிதில் ஒரு விண்ணப்பத்தில் அவரே எழுதிக்கொடுத்த வரி அது. செவ்வாய்க்கிழமை அறிவிப்பிலும் அதே வரிதான் வந்திருந்தது.

"அது பொய். எங்க அக்காதான் கத்துக்கொடுத்தா. அவளோட கலர் பெட்டியைத் தூக்கிட்டுத்தான் கப்பல் ஏறினேன். சொல்லிக்கூட வரலை."

தனக்கு ஒரு பெரியம்மா இருப்பதே மகளுக்கு அன்றுதான் தெரிந்தது. அச்சுப்படியை மடக்கி வைத்துவிட்டு, "அவங்க நம்பர் யார்கிட்ட இருக்கும்?" என்றாள்.

நான்கு உறவுக்காரர்களைத் தாண்டி நம்பர் கிடைக்க இரண்டு நாளானது. "அக்கா, நான்தான்" என்றார் டீச்சர்.

"தெரியுது. செவ்வாய்க்கிழமையிலேர்ந்து என் வீட்டுச் சுவத்துல பதினேழு பொம்பளைங்க வந்து நின்னு என்னையே பார்க்குறாங்க. மூக்கைப் பார்த்ததுமே உன் கைன்னு புரிஞ்சுபோச்சு. மூக்குக்கு அவ்வளவு நிழல் வேணாம்னு எத்தனை தடவை சொல்லியிருப்பேன்."

டீச்சர் அழுதார். அக்கா ஆறுதல் சொல்லவில்லை. போனை வைக்கவும் இல்லை. கடைசியில், "பெட்டி போனா போகுது. என் பேரைச் சொல்லு" என்றார்.

விழாவில் முதுகுகள்தான் மாட்டப்பட்டன. அதிகாரிக்கு வேர்த்துக் கொட்டியது. டீச்சர் மைக்கின் முன் நின்று அக்காவின் பெயரைச் சொன்னார், திருடியதையும் சொன்னார். அமைச்சர் பேனாவை மூடுவதை மகள் பார்த்தாள். அவர் எழுந்துபோய் முதல் படத்தின் முன் நெடுநேரம் நின்றார். "இவங்க எங்கே பார்க்குறாங்க?"

"எங்க அக்காவை" என்றார் டீச்சர்.

அமைச்சர் தலையாட்டிவிட்டு வந்து கையெழுத்திட்டார்.

பெண்கள் அதன்பிறகும் திரும்பவில்லை. அந்தப் படங்கள் இப்போது இருக்கும் அருங்காட்சியகத்தின் வாசலில் ஒரு பலகை இருக்கிறது: முகங்களைப் பார்க்க விரும்புவோர் கடல் தாண்டி டீச்சரின் அக்கா வீட்டுக்குப் போகலாம், மதியம் ஒன்று முதல் மூன்று வரை அவர் தூங்குவார், கதவைத் தட்ட வேண்டாம்.