சரிவில் படுத்திருந்த அப்பா

டீச்சரின் அப்பா கட்டிலில் வழுக்கிக்கொண்டே இருந்தார். நுரையீரல் கோளாறு, மட்டமாகப் படுத்தால் மூச்சு முட்டும், அதனால் கைப்பிடியைச் சுற்றிக் கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தியே வைக்க வேண்டும். உயர்த்திய கொஞ்ச நேரத்தில் மனிதர் கால்மாட்டுக்கு வந்துவிடுவார். டீச்சர் அவர் அக்குளில் கைகொடுத்து மேலே இழுப்பாள், அவர் மறுபடி இறங்குவார். இந்த ஏற்ற இறக்கத்தில் வால் எலும்பின் மேல் ஒரு புண் வந்துவிட்டது. அது ஆழமானால் மறுபடி ஆஸ்பத்திரிதான் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரி என்றாலே அப்பாவுக்கு முகம் சுண்டிவிடும்.

டீச்சர் எடுப்பது இயற்பியல். சாய்தளத்தில் ஒரு பெட்டியை வரைந்து, அதன் எடையில் ஒரு பங்கு தளத்தை அழுத்தும், இன்னொரு பங்கு கீழே இழுக்கும், உராய்வு பிடித்து நிறுத்தும் என்று வருஷா வருஷம் தொண்டைத்தண்ணி வற்றக் கத்துகிறவள். அப்படிப்பட்டவளுக்கு, வீட்டுக்குள்ளேயே ஒரு சாய்தளம் கிடப்பது உறைக்கப் பல நாளாயிற்று. உறைத்ததும் தலைகால் புரியவில்லை. உராய்வு போதவில்லை, அவ்வளவுதானே? வழவழப்பான விரிப்பை உருவிவிட்டு, சொரசொரப்பான ரப்பர் விரிப்பைப் போட்டாள். அப்பா வைத்த இடத்தில் அப்படியே இருந்தார்.

"பாத்தீங்களாப்பா, இம்மிகூட நகரல."

"என் பொண்ணு கெட்டிக்காரி" என்றார் அப்பா.

அந்த வாரம் கட்டு மாற்ற வந்த நர்ஸ் புண்ணைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். "முன்னைவிட மோசமா இருக்கே டீச்சர்."

அவள் போனபின் டீச்சர் அப்பாவின் முதுகுக்கு அடியில் கையை நுழைத்துப் பார்த்தாள். தோல் விரிப்போடு ஒட்டி நின்றது. உள்ளே எலும்பு கீழே இறங்கிக்கொண்டிருந்தது. நடுவில் சதை இழுபட்டது. கரும்பலகையில் வரையும் பெட்டிக்குத் தோல் வேறு, எலும்பு வேறு கிடையாது. அப்பாவுக்கு உண்டு.

"உயிர் போற மாதிரி வலிச்சிருக்குமே. ஏம்ப்பா சொல்லல?"

"நகரலன்னு சொன்னப்ப உன் மூஞ்சியப் பாக்கணுமே, அவ்வளவு சந்தோஷம். அதக் கெடுக்க மனசு வரல."

"நல்லா இருக்கு நீங்க பாக்குற நியாயம்" என்று சிடுசிடுத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு கட்டிலைச் சுற்றி வந்தாள். பிடித்து நிறுத்தும் வேலையைப் பாவம் அந்த முதுகுத் தோலிடம் ஏன் விட வேண்டும்? கட்டிலுக்கு இன்னொரு கைப்பிடி இருந்தது, முழங்கால் பக்கத்தை உயர்த்துவதற்கு. இதுவரை யாரும் அதைத் தொட்டதில்லை. ரப்பரை எடுத்தெறிந்துவிட்டு முதலில் முழங்காலை உயர்த்தினாள், பிறகுதான் தலையை, அதுவும் மூச்சுக்குத் தேவையான அளவு மட்டும். இப்போது கீழே இறங்கப் பார்த்த பாரத்தைத் தொடைகள் முட்டுக்கொடுத்துத் தாங்கின.

சில வாரங்கள் கழித்து நர்ஸ் புண்ணைச் சுற்றிச் சிவப்பாகப் புதுச் சதை ஏறுவதைக் காட்டினாள். ஆஸ்பத்திரிக்கு அவசியமே இல்லை என்றாள். டீச்சர் சிரித்தபடி முழங்கால் பக்கக் கைப்பிடியை இன்னும் ஒரு சுற்றுச் சுற்றினாள்.

"போதும்மா, வலிக்குது" என்றார் அப்பா.

படுத்த நாளிலிருந்து அவர் வாயில் அந்த வார்த்தை வந்ததே இல்லை. புண் ஆறுவதைவிட அது அவளுக்குப் பெரிதாக இருந்தது.